தொலையாத கப்பல்கள்

விளையாட்டுச் சாமான் வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்கிற கேள்வி இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் "அண்ணாச்சி, எந்தச் சாமான் ஓடும்?" என்று கேட்பார்கள். இப்போது கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இந்தக் கம்பெனியோட ரிசல்ட் வந்திருக்கு, விற்பனை எக்கச்சக்கமா ஏறியிருக்கு, இவங்க போர்டு கேமை எடுத்துப் போடலாமா?" என்கிறார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நான் திரும்பக் கேட்பேன்: "விக்குது, சரி. ஆடுதாங்களா?"

பிள்ளைகள் முழிக்கும். முழிக்கட்டும். நான் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை வருடக்கணக்கில் படித்தேன். படித்தேன் என்றால், படிக்க வைத்துக் கேட்டேன். என் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேனா என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பாண்டி பஜார் நடைபாதையில் பலூன் விற்க ஆரம்பித்து, அதே நடைபாதைக்கு எதிரே கடை பிடித்தவன் நான். அந்தக் காலத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் கேரம் போர்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் என் கடையில் வாங்கியவர்கள். மீதிப் பேர் ஏமாந்தவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் 'கப்பல் வியாபாரம்' என்று ஒரு ஆட்டம் வந்தது. கிண்டிப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு லிமிடெட் கம்பெனி போட்டது. அட்டையில் கடல், கரையெல்லாம் துறைமுகம். ஆளுக்கு ஒரு நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்பல். தாயக்கட்டையை உருட்டி, தூத்துக்குடியில் உப்பு ஏற்றி, கொச்சியில் மிளகு ஏற்றி, யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்று பார்க்க வேண்டும். நல்ல ஆட்டம். நான் கெட்ட ஆட்டத்தை நல்ல ஆட்டம் என்று சொல்லி விற்றிருக்கிறேன், ஆகவே வித்தியாசம் தெரியும்.

அந்தக் கப்பல் ஒவ்வொன்றும் வேர்க்கடலை அளவுதான். பீரோவுக்கு அடியில் போகும், ஜலதாரையில் போகும், கைக்குழந்தையின் வாய்க்குள் போகும். கம்பெனிக்காரர்கள் அதற்காகவே தனியாகக் கப்பல் பாக்கெட் போட்டார்கள். முதல் இரண்டு வருடமும் என் கடை வாசலில் தாய்மார்கள் வந்து நின்று, "அண்ணாச்சி, பச்சைக் கப்பல் ரெண்டு, மஞ்சள் ஒண்ணு" என்று காய்கறி வாங்குவதுபோல வாங்கிப் போனார்கள். ஒருத்தர் வீட்டுக் கப்பலைப் பக்கத்து வீட்டுப் பையன் திருடிவிட்டான் என்று இரண்டு குடும்பம் என் கடையில் வைத்தே சண்டை போட்டது. நான் ரொம்பச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கம்பெனியின் பங்கை நான் வாங்கியதும் அப்போதுதான். கொஞ்சம்தான் வாங்கினேன். லாபத்துக்காக இல்லை. பங்குதாரர் ஆனால் வருடா வருடம் ஆண்டறிக்கை தபாலில் வீட்டுக்கே வரும். நான் யாருடைய சாமானை விற்கிறேனோ அவன் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. வழவழவென்று நல்ல தாள். என் வீட்டுக்காரி அதன் அட்டையைக் கிழித்துப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குப் போட்டுவிடுவாள். கம்பெனித் தலைவர் எங்கள் வீட்டுப் பூகோளப் புத்தகத்தின்மேல் ஒரு வருடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்பக்கத்தை எனக்குப் படித்துச் சொன்னவர் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்த அம்மா. சாந்தோமிலிருந்து பஸ்ஸில் வருவார். பெயர் சொல்ல மாட்டேன். பெயர் வெளியே வருவது அவருக்குப் பிடிக்காது. சாயங்காலம் பக்கத்துக் கடையில் டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க வரும்போது நான் அறிக்கையை எடுத்து நீட்டுவேன். முதல் வருடமே அவர் என்னைத் திருத்தினார். நான் முதல் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"முதல் பக்கம் தலைவர் பேசுறது அண்ணாச்சி. அவரு வருஷா வருஷம் நல்லாத்தான் பேசுவாரு. கடைசிப் பக்கத்துல எது எவ்வளவு வித்துதுன்னு பட்டியல் இருக்கும். அது எங்கள மாதிரி ஆளுங்க டைப் அடிக்கிறது. அதுல பேச்சு கிடையாது."

அந்தப் பட்டியலில் ஆட்டப் பெட்டிக்கு ஒரு வரி, உதிரிக் கப்பலுக்கு ஒரு வரி இருந்தது. எல்லோரும் பெட்டி வரியைப் பார்ப்பார்கள். நான் கப்பல் வரியைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால், பெட்டி விற்றால் ஒருவர் கடைக்கு வந்தார் என்று அர்த்தம். கப்பல் விற்றால் நாலு பேர் வீட்டில் உட்கார்ந்து ஆடினார்கள் என்று அர்த்தம். தொலைக்காமல் ஆட முடியாத சாமான் அது. ஆடுகிறவன்தான் அடுத்த வீட்டுக்காரனை வாங்க வைப்பான். இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மண்டையில் தானாக முளைத்தது.

மூன்றாம் வருட அறிக்கையில் பெட்டி வரி ஏறியிருந்தது, கப்பல் வரி நன்றாக இறங்கியிருந்தது. என் கடையிலும் அப்படித்தான். வாங்க வருகிறவர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "கலர் பேப்பர் சுத்திக் குடுங்க அண்ணாச்சி, பர்த்டேக்கு" என்பார்கள். பார்க்கப் பெரிய பெட்டி, விலை கைக்கு அடக்கம். அன்பளிப்புக்கு அதைவிடத் தோதான சாமான் ஏது? நான் பேப்பர் சுற்றிக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கொஞ்சமாகவே சரக்கு எடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் துரை வந்து நின்றான்.

துரை என் வீட்டுக்காரியின் தம்பி. அடையாறில் ஒற்றைக் கதவுக் கடை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறையில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தக ஏஜென்சி சரக்கு இருக்கும். அந்த நோட்டுப் புத்தகம்தான் என் மாமியாரையும் இன்னும் மூன்று பேரையும் சாப்பிட வைத்தது. இவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடைக்காரர். அவருக்கு மாப்பிள்ளை நோட்டுப் புத்தகம் விற்பது கொஞ்சம் இடித்தது.

"அத்தான், கப்பல் வியாபாரம் கம்பெனி மேனேஜர் வந்தாரு" என்றான் துரை. "அடையாறு, மைலாப்பூர், பெசன்ட் நகரு, மொத்தத்துக்கும் நான் ஒருத்தன்தான் ஸ்டாக்கிஸ்டாம். கல்யாணத்துக்கு மறுநாள் கையெழுத்து."

"சரக்க எங்கல வைப்ப?"

"பின்னாடி ரூம்லதான்."

"அங்க நோட்டு இருக்கே."

"நோட்ட விட்டுரப் போறேன்."

எதிர்ப் பக்கத்துக் கடைக்காரன் அந்த நோட்டு ஏஜென்சிக்காக எத்தனையோ நாளாகக் காத்துக்கொண்டிருந்தான். விட்டால் திரும்பி வராது. அதைச் சொன்னேன். துரை சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினான். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'கப்பல் வியாபாரம் – தென் சென்னை மொத்த விநியோகஸ்தர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. கையெழுத்துக்கு முந்தியே பத்திரிகை வந்துவிட்டது.

"மாமனாரு போடச் சொன்னாரு" என்றான்.

அந்த வாரமே புது ஆண்டறிக்கை தபாலில் வந்தது. என் வீட்டுக்காரி அட்டையில் கை வைக்கும் முன் பறித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். டைப்பிஸ்ட் அம்மா வந்தார், வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பெட்டி விற்பனை போன வருடத்தைவிட நன்றாக ஏறியிருக்கிறது என்றார்.

"கப்பலு?"

விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். திரும்ப ஓட்டினார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வரிக்கு வரி வைத்துப் பார்த்தார்.

"கப்பல் இல்ல அண்ணாச்சி."

"கொறஞ்சிட்டா?"

"கொறையல. வரியே இல்ல. 'இதர'ன்னு ஒண்ணு புதுசாப் போட்டிருக்காங்க. அதுக்குள்ள போயிருக்கும்."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு கம்பெனி நல்ல செய்தியை எங்கேயும் ஒளித்துவைக்காது. நல்ல செய்தி என்றால் அதற்குத் தனிப் பக்கம், தலைவர் படம், கட்டம் கட்டிய எழுத்து எல்லாம் வரும். போன வருடம் வரை தனியாக நின்ற வரி இந்த வருடம் கூட்டத்தில் போய் நின்றுகொண்டால், அது ஏன் போனது என்று கேட்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மா அவசரப்படவில்லை. "ஒருவேளை கப்பலப் பெரிசாப் பண்ணிட்டாங்களோ என்னவோ. பெரிசா இருந்தா தொலையாதுல்ல? அதையும் பாத்துடுங்க" என்றார். எனக்கு அது தோன்றவில்லை. பிறகு எனக்கே தோன்றியதாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கப்பல், புதுப் பெட்டியிலிருந்து ஒரு கப்பல் எடுத்துக்கொண்டு பக்கத்து நகைக்கடைத் தராசில் தட்டுக்கு ஒன்றாக வைத்தேன். முள் அசையவில்லை. அதே அச்சு, அதே வேர்க்கடலை. நகைக்கடைக்காரர், "வாங்கறீங்களா, விக்கறீங்களா?" என்று கேட்டார்.

துரையிடம் சொன்னேன். "அத்தான், பொட்டி விக்கிற கம்பெனியப் பாத்து கப்பல் ஏன் விக்கலன்னு கேக்கீயளே! கல்யாண வீட்டுல போய் பாயி எத்தன கிழிஞ்சுதுன்னு கேப்பீயளா?" என்றான். அவனுக்கு என்மேல் மரியாதை உண்டு. அது அன்றைக்கு லீவில் இருந்தது.

சரி, கம்பெனிக்காரனையே கேட்டுவிடலாம் என்று பங்குதாரர் கூட்டத்துக்குப் போனேன். மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் காலையில் நடந்தது. நீங்கள் அந்தக் காலத்துக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. பாதிப் பேர் கணக்குக் கேட்க வருவார்கள் என்று நினைத்தால் தப்பு. காபிக்கும், பாதாம் அல்வாவுக்கும், மிக்ஸ்சர் பொட்டலத்துக்கும், வாசலில் தருகிற அன்பளிப்புக்கும் வருவார்கள். இந்தக் கம்பெனி அன்பளிப்பாகத் தன் ஆட்டப் பெட்டியையே வருடா வருடம் கொடுக்கும். மூன்றாவது வரிசையில் துரை உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் டை கட்டிய ஏரியா மேனேஜர். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டார்கள். எழுந்தேன். சின்ன வயசிலிருந்தே என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

"ஐயா, நான் பாண்டி பஜார்ல கடை வச்சிருக்கேன். போன வருசம் வரைக்கும் உதிரிக் கப்பல் எத்தன வித்துதுன்னு அறிக்கையில இருந்துது. இந்த வருசம் கப்பலக் காணோம். ஊருல கப்பலே தொலையலியா, இல்ல யாரும் ஆடலியா?"

ஹால் சிரித்தது. தலைவரும் சிரித்தார். பூகோளப் புத்தகத்தில் பார்த்த அதே சிரிப்பு. மைக்கைக் கிட்டே இழுத்து நல்ல தமிழிலேயே பதில் சொன்னார்: "நண்பர் மிக நல்ல கேள்வி கேட்டார். நமது தயாரிப்பின் தரம் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது. இப்போது நமது கப்பல்கள் தொலைவதில்லை."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். மேனேஜர் தட்டினார். துரையும் தட்டினான். என் சட்டைப் பையில் இரண்டு கப்பலும் இருந்தன, பழையதும் புதியதும். எடுத்துக் காட்டியிருக்கலாம். மேடைக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரத்தில் வேர்க்கடலை தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஒன்று புரிந்தது: ஒரு கேள்விக்குக் கைதட்டல் வந்தால், பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்ததும் துரை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"எம் மானத்த வாங்கிட்டீயளே அத்தான். மேனேஜரு உங்களத் தெரியுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தூரத்துச் சொந்தம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு மேனேஜரின் காரில் ஏறிப் போய்விட்டான். அக்காள் புருஷன் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டேன். கார் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் வாசலில் அடுத்து நடந்ததை அவனே பார்த்திருப்பான்.

வாசலில் அன்பளிப்பு கொடுக்கிற மேசையில் ஒரு ஆள் பெட்டிகளை அடுக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பஞ்சகச்சம் கட்டிய ஒரு மாமா நின்றார்.

"ஏம்ப்பா, ஆத்துல ஏற்கெனவே ரெண்டு பொட்டி இருக்கு. இதுக்குப் பதிலா இன்னொரு மிக்ஸ்சர் பொட்டலம் தரமுடியுமோ?"

"இன்னா மாமா நீ, காலைலேர்ந்து அல்லாரும் அதையே கேட்டுக்கினு கீறாங்க. நானே மிக்ஸ்சருக்கு எங்க போவேன்?"

"முதல் ரெண்டையும் பிரிச்சு ஆடிப் பாத்தீங்களா சாமி?" என்று நான் கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். "பிரிச்சுட்டா அப்பறம் கல்யாணத்துக்கு எப்படிக் குடுக்கறதாம்?"

நான் என் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பங்குதாரர்களுக்கு அன்பளிப்பு – விற்பனைக்கு அல்ல.' மாமாவிடம் இருந்ததிலும் அதே சீட்டு. நான் யோசித்தேன். கல்யாண சீசன் வந்துவிட்டது. துரை தன் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஆட்டத்தின் பெயரையே போட்டிருக்கிறான். அதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன அன்பளிப்பு கொடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்காது.

இதற்குமேல் நான் துரையிடம் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரி இரண்டு முறை கேட்டாள், "தம்பி நோட்ட விட்டுருவான் போல இருக்கே, நீங்க பேசாம இருக்கீயளே?" "கல்யாணம் முடியட்டும்" என்றேன். பேசாமல் இருப்பதும் ஒரு திறமைதான். என்னிடம் அது நிறைய உண்டு. எப்போதாவதுதான் வெளியே எடுப்பேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் விஷயம் நீளும். மறுநாள் காலை அடையாறு வீட்டில், முன்னறைப் பாயில் அன்பளிப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். பெண் பெயர் கோமதி. சிவப்புப் புடவையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். துரை கூட இருந்தான். அவன் மாமனார் நாற்காலியில் இருந்தார். மேனேஜர் பத்து மணிக்குப் பத்திரத்தோடு வருவதாக இருந்தது. நான் சுவரோரமாக உட்கார்ந்து காபி குடித்தேன்.

முதல் பெட்டி கப்பல் வியாபாரம். "பாத்தீயளா, நம்ம ஆட்டத்துக்கு எவ்வளவு பேரு!" என்றான் துரை. இரண்டாவதும் அதுவே. மாமனார் பெருமையாகத் தலையாட்டினார். மூன்றாவதும் அதுவே. பாயில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின.

கோமதி ஒரு பெட்டியைப் பிரித்தவள் நிறுத்தினாள். ரோஜாப்பூ போட்ட பேப்பருக்கு அடியில் இன்னொரு பேப்பர், கிளிப் படம் போட்டது. அதில் 'சின்னப் பையன் பிறந்தநாளுக்கு, மாமா' என்று எழுதி அடித்திருந்தது.

"இதப் பாருங்க, சட்டைக்குள்ள சட்டை" என்றாள்.

கிளிப் படம் போட்ட பேப்பர் என் கடைப் பேப்பர். நான் சொல்லவில்லை.

அவள் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த சீட்டை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு அடுத்த பெட்டியைத் திருப்பினாள். அடுத்ததையும். பாதிக்கு மேல் அதே சீட்டு.

"பங்குதாரருன்னா யாருங்க?" என்று துரையைக் கேட்டாள்.

"கம்பெனியில பணம் போட்டவங்க."

"பணம் போட்டவங்களே பிரிச்சுப் பாக்காம நமக்குக் குடுத்துட்டாங்களா? அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் கை தட்டினாங்கன்னு சொன்னீங்க?"

துரை என் பக்கம் திரும்பினான். நான் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்ளரில் அப்படி ஒன்றும் விசேஷம் கிடையாது.

மாமனாருக்கு மனம் ஒப்பவில்லை. "அதுக்காக? ஊரு பூரா இந்தப் பொட்டிதான் சுத்துதுன்னா நல்ல பேருன்னுதான அர்த்தம்?" என்றார்.

"ஒரே பொட்டிதான் சுத்துது அப்பா" என்றாள் கோமதி.

அவர் கடைசியாக ஒன்று சொன்னார்: "பத்திரிகையில போட்டாச்சேம்மா."

"போட்டா என்ன? கல்யாணம் ஆயிடுச்சே. இனிமே அதப் படிக்கப் போறது யாரு?"

மிச்சமிருந்ததில் சின்னதாக, கனமாக ஒன்று இருந்தது. கோமதி பிரித்தாள். வெள்ளிக் குங்குமச்சிமிழ். கூட இருந்த அட்டையில் ஏரியா மேனேஜரின் கையெழுத்து. வீடு நிறையப் பேர் அந்த ஆட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். அதை விற்கிறவர் மட்டும் கொடுக்கவில்லை.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டை கட்டியிருந்தார், பத்திரம் கையில் இருந்தது. துரை எழுந்து வரவேற்று, காபி கொடுத்து, அவர் ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தான்.

"சார், சிமிழு ரொம்ப நல்லா இருக்கு. உங்க வீட்டுல சாயங்காலம் என்ன ஆட்டம் சார் ஆடுவீங்க?"

"எனக்கு எங்க சார் டைம்?"

"பிள்ளைங்க?"

"கேரம்தான். ஒருநாள் போர்டு இல்லேன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவாங்க" என்று சொல்லிச் சிரித்த மேனேஜர், பாயில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல மனுஷர்தான் பாவம், பொய் சொல்லத் தெரியவில்லை. கம்பெனி அவரைத் தலைவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

"நான் நோட்டையே வச்சுக்கிடுதேன் சார்" என்றான் துரை.

பத்திரம் அப்படியே திரும்பிப் போனது. அந்த ஸ்டாக்கிஸ்ட் பதவி பிறகு வேறொருவருக்குப் போனது. கோடம்பாக்கம் பக்கத்து ஆள். அவர் அடுத்த தீபாவளிக்குத் தன் கடை ஆட்களுக்கெல்லாம் ஸ்வீட் பெட்டியோடு ஆளுக்கு ஒரு கப்பல் வியாபாரம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கடுத்த அறிக்கையில் பெட்டி வரியும் 'இதர'வுக்குள் போய்விட்டது என்று டைப்பிஸ்ட் அம்மா ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சொன்னார். அதன்பிறகு அந்தக் கம்பெனி பிளாஸ்டிக் வாளி போட ஆரம்பித்தது. வாளி நன்றாக ஓடியது. உடையும், திரும்ப வாங்குவார்கள்.

எதிர்க் கடைக்காரன் நோட்டுப் புத்தக ஏஜென்சிக்காக இன்னும் பல வருடம் காத்திருந்தான். துரை இப்போதும் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தும்போது, "இவரு எங்க அக்கா வீட்டுக்காரரு, ரொம்ப நெருங்கின சொந்தம்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுவான்.

ஆகவே தம்பிகளே, அறிக்கையைக் கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு முதலில் கப்பல் வரியைக் காட்டுங்கள். உங்கள் ஆட்டத்தில் எது தொலையும், எது தேயும், எது கிழியும், எதை ஆடுகிறவன் திரும்ப வந்து வாங்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அது ஏறுகிறதா என்று பாருங்கள். அறிக்கையில் இல்லையென்றால் உங்கள் கடை வாசலில் பாருங்கள். தலைவரின் சிரிப்பைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் கோமதி தனியாகப் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாள். பாண்டி பஜாரில் ஏதோ வாங்க வந்தவள்போல இங்கேயும் அங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, சிவப்புக் கப்பல் ஒண்ணு கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"அவ்வளவு பெட்டி கிடக்கேன்னு ஒண்ணப் பிரிச்சோம். தினம் சாயங்காலம் ஆடுறோம். நேத்து எங்க மாமியார் தோக்குற நேரத்துல என்னோட கப்பல் ஒண்ணக் காணோம்."

"வீட்டுலதான் அத்தன பொட்டி கெடக்கே. இன்னொண்ணப் பிரிச்சு எடுத்துக்கிடலாமே?"

"அதெல்லாம் பிரிக்கக் கூடாதாம். வரிசையா கல்யாணம் வருது, குடுக்கறதுக்கு வேணும்னு அத்தை சொல்லிட்டாங்க."

அடி அலமாரியில் தூசி தட்டி ஒரு பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். அந்த வருடம் முழுக்க என் கடையில் விற்ற ஒரே உதிரிக் கப்பல் அதுதான். சொந்தக்காரப் பெண்தான், சும்மா கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு, பில் போட்டுத்தான் கொடுத்தேன். எங்கேயோ ஒரு வீட்டில் ஆட்டம் நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஒரு அத்தாட்சி இருக்க வேண்டாமா?